‘டேக்’ என்றொரு சின்னஞ்சிறு சொல்



பாம்பு ஒன்று புகைப்படம் எடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பில் படித்த காலம். தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ‘பாம்பு படம் எடுத்து ஆடியது’ என்பது அன்றைய வாக்கியம். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி துணிவோடு எழுந்தாள். பாம்புக்கு ‘ஸ்நேக்’, படத்துக்கு ‘பிக்சர்’, எடுத்தது என்பதற்கு ‘டுக்’ என்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, ‘தி ஸ்நேக் டுக் எ பிக்சர் அண்ட் டான்ஸ்டு’ என்றாள். பாம்பு புகைப்படம் பிடித்துவிட்டு நடனமாடியது என்று ஆகிவிட்டது! வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் ஆங்கில வகுப்பில் மறுபடி தானாக எழுந்து பேசவே இல்லை.

பின்னாளில் நானே ஆங்கிலம் கற்பிக்க வந்தபோதுதான் அவள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. அவள் சொற்களை அறியாதவள் அல்லள். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னாள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று நம்பியதுதான் அவள் செய்த பிழை. நம்மில் பலரும் இன்றும் அப்படித்தான் நம்புகிறோம். ஆகவே அந்த ‘டேக்’ என்னும் வினைச்சொல்லைப் பற்றியே இவ்வாண்டு மலரில் எழுத எண்ணினேன்.

பெரிய சொல்லும் சிறிய சொல்லும்

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களைக் கண்டுதான் நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அவை சாதுவானவை. ‘போட்டோசின்தசிஸ்’ என்ற நீண்ட சொல்லுக்கு ஒளிச்சேர்க்கை என்ற ஒரே பொருள்தான். ஒருமுறை கற்றால் போதும். ஆனால் டேக், கெட், புட், செட், ரன் என்னும் குட்டிச் சொற்கள் இருக்கின்றனவே, அவைதாம் பொல்லாதவை!

வீட்டு அரிவாள்மணையை நினைத்துப் பாருங்கள். அதிலேயே காய் நறுக்குகிறோம். கீரை ஆய்ந்து அரிகிறோம். அதன் நுனியிலேயே தேங்காய் துருவுகிறோம். பூரிக் கட்டைக்கோ ஒரே வேலை. நாள்தோறும் கையில் புழங்கும் கருவிக்குத்தான் பல வேலைகள் வந்து சேரும். சொல்லும் அப்படியே.

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி 1884-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி, 1928-இல் நிறைவு பெற்றது. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புக் கொட்டகை ஒன்று அமைத்து, இலட்சக்கணக்கான துண்டுத் தாள்களில் சொற்களைத் திரட்டினார். அவருடைய பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காக அத்தாள்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தனராம். ‘டேக்’ இடம்பெறும் எழுத்துப் பகுதியையும் மர்ரேயே பதிப்பித்தார். ஆனால் முழு அகராதியையும் காணாமல் 1915-இல் காலமானார். 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் கூறப்பட்டன. பின்னர்த் திருத்திய பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையை ஆராய்ந்தபோது 645 பொருள்கள் தேறின என்று 2011-இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு ஓர் அறிஞர் ஒன்பது மாதம் உழைத்திருக்கிறார்!

அந்த ஆக்ஸ்போர்டுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நம் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. அவரும் இந்த ‘டேக்’கையும் ‘புட்’டையும் ஒவ்வொன்றாகக் கற்றவர்தாம். இதை மறக்க வேண்டாம்.

கடல் கடந்து வந்த சொல்

‘டேக்’ என்பது முதலில் ஆங்கிலச் சொல்லே அன்று என்றால் வியப்பாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்பதற்கு ‘நிமன்’ என்ற சொல்லே வழங்கியது. சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவிய நாட்டவர் கடற்கொள்ளையராக இங்கிலாந்தின் கரைகளுக்கு வந்தனர். பிறகு அங்கேயே நிலம் கண்டு, உழுது, குடியும் குடித்தனமுமாகத் தங்கினர். அவர்கள் ‘டக்கா’ என்று சொன்னதைப் பக்கத்து வீட்டு ஆங்கிலேயரும் சொல்லலாயினர். நாளடைவில் ‘நிமன்’ மறைந்தது, ‘டேக்’ நிலைத்தது. முட்டையைக் குறிக்கும் ‘எக்’, வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, அவர்கள் என்னும் ‘தே’ ஆகியவையும் அவர்கள் தந்தவையே. நாம் நாள்தோறும் வாய் நிறைய அழைக்கும் ‘சிஸ்டர்’ என்ற வடிவமும் அவர்கள் பேச்சின் தாக்கத்தால் அமைந்ததுதான். ‘நிமன்’ அடியோடு அழியவில்லை. கை மரத்துப் போவதைக் குறிக்கும் ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அது ஒளிந்திருக்கிறது. உணர்ச்சி ‘எடுக்கப்பட்ட’ கை என்பது அதன் பழைய பொருள்.

இரு மொழியினர் ஒரே தெருவில் வாழ்ந்தால் சொற்கள் வேலி தாண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லைப் போராட்டங்களுக்குப் பின் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீடுகளின் பேச்சு மாறவில்லை. இன்றும் அம்மாவிடம் ஒரு மொழியும் பக்கத்து வீட்டு அத்தையிடம் வேறொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகள் நம் ஊரில் உண்டு.

‘டேக்’ செய்யும் வேலைகள்

இனி அதன் பொருள்களைச் சற்று வகைப்படுத்திக் காண்போம்.

அதன் அடிப்படைப் பொருள் கையால் பற்றுதல். மேசை மேலுள்ள புத்தகத்தை எடுப்பது ‘டேக்’. எடுத்த பொருள் இடம் மாறும் அல்லவா? ஆகவே கொண்டுபோவதும் ‘டேக்’ ஆயிற்று. குடையை எடுத்துச் செல்வதும், தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் ஆங்கிலத்தில் ஒன்றே. எடுத்த இடத்தில் பொருள் குறையும். ஆகவே பத்திலிருந்து ஐந்தைக் கழிப்பதும் ‘டேக் அவே’ ஆயிற்று.

எடுத்ததை உட்கொள்வதும் ‘டேக்’. நாம் மருந்து ‘சாப்பிடுகிறோம்’. அதனால் ‘ஈட் மெடிசின்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயருக்கு அது மாத்திரையைத் தட்டில் பரிமாறி உண்பது போல் தோன்றும். ‘டேக் மெடிசின்’ என்பதே மரபு.

காலமும் கைப்பொருள் போன்றதே. ஒரு வேலை நம்மிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே அரக்கோணத்துக்கு ரயிலில் போக எவ்வளவு நேரம் ‘பிடிக்கும்’ என்று நாம் கேட்பதை அவர்கள் ‘டேக்’ கொண்டு கேட்கிறார்கள். இக்காலத்தில் நாமும் ‘நேரம் எடுக்கும்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். ‘டேக்’கின் நிழல் தமிழிலும் விழுகிறது!

தேர்வு விஷயம் இன்னும் வேடிக்கையானது. நாம் தேர்வு ‘எழுதுகிறோம்’. இந்தி பேசுவோர் தேர்வைக் ‘கொடுக்கிறார்கள்’. ஆங்கிலேயரோ தேர்வை ‘எடுக்கிறார்கள்’. கொடுத்தாலும் எடுத்தாலும் எழுதினாலும் வயிற்றில் புளி கரைவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

வால் முளைத்தால்

‘டேக்’கின் பின்னே ஒரு சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அதன் குணமே மாறிவிடும்.

‘டேக் ஆஃப்’ என்றால் காலணியைக் கழற்றுதல். விமானம் தரையை விட்டு எழுவதும் அதுவே. ‘டேக் இன்’ என்பதற்கு மூன்று முகங்கள்: ஆதரவற்றவருக்கு வீட்டில் இடம் கொடுத்தல், தொளதொளவென்று இருக்கும் ரவிக்கையைப் பிடித்துத் தைத்தல், ஏமாற்றுதல். அடைக்கலமும் ஏமாற்றும் ஒரே தொடரில் குடியிருப்பதைப் பாருங்கள்! ‘டேக் டவுன்’ என்றால் ஆசிரியை சொல்வதைக் குறித்துக்கொள்ளுதல். ‘டேக் பேக்’ என்றால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல். ‘டேக் பிளேஸ்’ என்றால் இடத்தை எடுப்பதன்று. ஒரு நிகழ்ச்சி நடைபெறுதல். ‘டேக் லீவ்’ என்பது விடுப்பு எடுத்தலும் ஆகும், விடைபெறுதலும் ஆகும்.

‘டேக் ஆஃப்டர்’ என்றால் மூத்தோரின் சாயலைக் கொண்டிருத்தல். இதற்கு நாம் என்ன சொல்கிறோம்? ‘அப்படியே பாட்டியை உரித்து வைத்திருக்கிறாள்’ என்கிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், ஐயோ, பாட்டியின் தோலை உரித்த கொடுமைக்காரி ஆகிவிடுவாள் பேத்தி! பாம்பு படம் பிடித்ததைவிட இது மோசமன்றோ?

இன்னொரு தொடர் உண்டு: ‘டேக் ஃபார் கிராண்டட்’. இதற்கு ஒரே சொல்லில் தமிழ் சொல்வது கடினம். எப்போதும் கிடைப்பதுதானே என்று ஒன்றின் அருமை தெரியாமல் இருப்பது என்று விளக்கலாம். விடியுமுன் எழுந்து நமக்குச் சோறு கட்டித் தரும் அன்னையை எண்ணிப் பார்த்தால் இத்தொடரின் பொருள் தானே விளங்கும்.

நம் ‘எடு’ மட்டும் இளைத்ததா?

ஆங்கிலம்தான் இப்படிக் குழப்புகிறது என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டு ‘எடு’வைப் பாருங்கள்.

காலையில் அம்மா தலையில் சிக்கெடுத்து, வகிடெடுத்துப் பின்னிவிடுகிறாள். பத்து மணிக்குப் பசி எடுக்கிறது. ஆசிரியை பாடம் எடுக்கிறார். நாம் மதிப்பெண் எடுக்கிறோம்; நல்ல பெயர் எடுக்கிறோம். நாயைக் கண்டால் ஓட்டம் எடுக்கிறோம். பண்டிகைக்குத் துணி எடுக்கிறோம். காசு கொடுத்து வாங்கியதைத்தான் அப்படிச் சொல்கிறோம்! மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கிறார்கள். ஆடிக் கிருத்திகையன்று ஊரெங்கும் மக்கள் காவடி எடுத்து மலையேறுகிறார்கள். எடுத்துக்காட்டு, எடுத்துரைத்தல், எடை, எடுப்பான தோற்றம் எல்லாம் இந்த ‘எடு’வின் பிள்ளைகளே.

இவற்றில் எத்தனைக்கு ஆங்கிலத்தில் ‘டேக்’ பொருந்தும்? மிகச் சிலவற்றுக்கே. துணி எடுப்பதற்கு ‘பை’ வேண்டும். மதிப்பெண்ணுக்கு ‘கெட்’ வேண்டும். காவடிக்குக் ‘கேரி’ வேண்டும். பசிக்கோ வினையே வேறு. ‘நான் பசியோடு இருக்கிறேன்’ என்பதுபோல ‘ஐ ஆம் ஹங்கிரி’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்குப் பசி ‘எடுப்பதில்லை’. ‘ஆகலி வேஸ்தோந்தி’ என்பார்கள். ‘வேய்’ என்றால் போடு. பசி வந்து தன்னைப் போடுகிறது என்பது போன்ற வழக்கு. கதவைச் சாத்துவதற்கும் அவர்களுக்கு அதே ‘வேய்’தான். ‘தீய்’ என்ற சொல்லாலோ அவர்கள் போட்டோவும் எடுப்பார்கள், கதவையும் திறப்பார்கள். தொந்தரவு செய்யும் தம்பியிடம் ‘ப்ராணம் தீயகு’ என்று அவர்கள் சொல்லும்போது மட்டும், நம் ‘உயிரை எடுக்காதே’ என்பது அப்படியே ஒலிக்கிறது. அதை ஆங்கிலத்தில் ‘டேக்’ போட்டுச் சொன்னால் தம்பி கொலைகாரன் ஆகிவிடுவான்!

ஆகப் பசி ஒன்றுதான். தமிழ் எடுக்கிறது, தெலுங்கு போடுகிறது, ஆங்கிலம் சும்மா இருக்கிறது. எது சரி, எது தவறு? மூன்றும் அதனதன் வீட்டில் சரி.

நம் ஊரின் பெயரிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை ஆயிற்று என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் பெயர்க் காரணம். ‘தணி’ என்ற சொல்லைப் பாருங்கள். சினம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும், நெருப்பும் தணியும். ஆங்கிலத்திலோ சினத்துக்குச் ‘சப்சைட்’, தாகத்துக்குக் ‘குவென்ச்’, காய்ச்சலுக்குக் ‘கம் டவுன்’, நெருப்புக்கு ‘டை டவுன்’ என்று பொருளுக்குப் பொருள் வேறு சொல் தேட வேண்டும். தமிழ் கற்க வரும் ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி நம் ‘தணி’யைக் கண்டு எவ்வளவு திகைப்பாளோ, அவ்வளவே நாம் ‘டேக்’கைக் கண்டு திகைக்கிறோம். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

முன்னோர் கண்ட வழி

இந்தச் சிக்கலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியம் இதனைப் ‘பல பொருள் ஒருசொல்’ என்று பெயரிட்டு ஆராய்கிறது. அத்தகைய சொல்லின் பொருள், அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்பது அதன் கருத்து. ‘மா’ என்றால் மரமா, விலங்கா? ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. பக்கத்தில் நிற்கும் சொல்லே விளக்கேற்றி வைக்கிறது.

பின்னர் வந்த நிகண்டுகள் இத்தகைய சொற்களைத் தனியே தொகுத்தன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் இதற்கென்றே அமைந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்தனர். ஆனால் செய்யுளாக இருந்ததால், முழுதும் மனப்பாடமாக இருந்தாலன்றி வேண்டிய சொல்லை உடனே காண இயலாது.

இந்த இடர்ப்பாட்டை நீக்கியவர் ஒரு துறவி. இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்த வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளில் முதலாவதான பெயரகராதியில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அகர வரிசையில் எவரும் எளிதில் காணுமாறு வைத்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழி அன்று. ‘எடு’வையும் ‘தணி’யையும் கண்டு அவரும் ஒரு நாள் திகைத்திருப்பார், யாரேனும் சிரித்தும் இருப்பர். அவர் வாய் மூடி உட்கார்ந்துவிடவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தந்தது. அந்த நெடும்பாதையில் அவர் வைத்த அடி பெரிது.

நாம் செய்யத்தக்கவை

மாணவியரே, இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, குறிப்பேட்டில் ‘டேக் என்றால் எடு’ என்று எழுதாதீர்கள். ‘டேக் மெடிசின், மருந்து சாப்பிடு’ என்று துணைச் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள். ‘டேக்’ வெறும் நார். உடன் வரும் சொல்லே பூ.

இரண்டாவது, அகராதியைப் புரட்டும்போது முதலில் தென்பட்ட பொருளோடு மூடிவிடாதீர்கள். கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரை படியுங்கள். ஒருநாளைக்கு ஒன்று போதும். நம் ஊர் மலைக்கோயிலுக்கு ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் இருக்கின்றன. ஒரே தாவலில் எவரும் உச்சியை அடைவதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. வகுப்பில் ஒருத்தி ஆங்கிலத்தில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். அவள் தன் தாய்மொழியில் சரியாகவே சிந்தித்திருக்கிறாள். அதை வேறு மொழிக்குக் கொண்டுவரும் வழியில் கால் இடறியிருக்கிறாள், அவ்வளவே. பெற்றோர்களே, வீட்டில் ஆங்கிலம் தெரியாது என்று வருந்த வேண்டாம். பிள்ளை ஒரு புதுத் தொடரைச் சொன்னால், ‘இதை நம் பேச்சில் எப்படிச் சொல்வோம்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதிப் பாடம்.

முடிக்குமுன் ‘டேக்’ குடும்பத்தில் இன்னும் ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். பிழை என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? ‘மிஸ்டேக்’. அதற்குள்ளும் ‘டேக்’ இருக்கிறது! தவறாக எடுத்தது என்பதே அதன் பழைய பொருள். அதுவும் கடல் கடந்து வந்த அதே மக்கள் தந்த சொல்தான். பிழை என்பது அவமானம் அன்று. எடுக்க வேண்டியதை விட்டு வேறொன்றை எடுத்துவிட்டோம் என்பதுதான். அதைக் கீழே வைத்துவிட்டுச் சரியானதை எடுத்துக்கொள்ளலாம்.

இதை அன்று எங்கள் வகுப்பில் யாரேனும் அந்த மூன்றாம் வரிசை மாணவிக்குச் சொல்லியிருந்தால், அவள் மறுநாளும் எழுந்திருப்பாள். நான் சொல்லவில்லை, சிரித்தேன். அந்தக் கடனைத்தான் இன்று உங்களிடம் அடைக்கிறேன்.